பழுதானா மோட்டார் நிக்குமா, ஓடுமா?

பல்லடம் பக்கம் ஒரு கிராமம். மும்முனை மின்சாரம் நடுராத்திரியில் வந்தாலும், டார்ச் லைட்டோடு தென்னந்தோப்புக்குக் கிளம்பிவிடுவார் அந்த விவசாயி. வயது அறுபதைத் தாண்டிவிட்டது. வரப்பில் பாம்பு நடமாட்டம் வேறு.

பெங்களூரில் இருந்த மகனுக்கு இதுதான் கவலை. கம்பெனிகளுக்கு பில் போடும் மென்பொருள் எழுதுவது அவருடைய வேலை. ‘ஒரு சின்ன புரோகிராம் எழுதினால் மோட்டார் தானாகவே ஓடும்’ என்று இறங்கினார். கருவிக்குள்ளேயே ஒரு சிப்பை வைத்து, அதற்கென்று புரோகிராம் எழுதுவதை ‘எம்பெடட் சிஸ்டம்ஸ்’ என்கிறார்கள். வாஷிங் மெஷின், டிஜிட்டல் மின் மீட்டர் எல்லாம் இப்படித்தான் இயங்குகின்றன.

அவர் வாங்கியது அர்டுயினோ யூனோ போர்டு. அதிலிருக்கும் வேலை நினைவகம் 2 கிலோபைட் மட்டுமே. 4 ஜி.பி. செல்போனில் இதைப்போல 20 லட்சம் மடங்கு இருக்கும். புரோகிராமைச் சுருக்கி எழுதப் பழகினார். மேஜைமேல் பல்பை வைத்துச் சோதித்தபோது எல்லாம் சரியாக நடந்தது.

பொருத்திய அன்று அப்பா கேட்டது ஒரே கேள்விதான். “ஏங்கண்ணு, இது பழுதானா மோட்டார் நிக்குமா, ஓடுமா?” மகன் சிரித்துவிட்டு பெங்களூருக்குக் கிளம்பிவிட்டார்.

மண்ணில் குத்தியிருந்தது, இரண்டு கம்பிகளுக்கு இடையே மின்சாரத்தைச் செலுத்தி ஈரத்தை அளக்கும் மலிவான சென்சார். சில வாரங்களில் கம்பிகள் அரித்துப்போயின. அரித்த கம்பியில் மின்சாரம் பாயாது. மண் நனைந்திருந்தும் சிப்புக்கு ‘காய்ந்திருக்கிறது’ என்றே தகவல் போனது. மோட்டார் நிற்கவேயில்லை. போர்வெல்லில் தண்ணீர் இறங்கி, நீர்மூழ்கி மோட்டார் வெறுமனே ஓடி, காயில் கருகியது. சித்திரை வெயிலில் பைப்பை மேலே தூக்கி, காயில் கட்டி இறக்கும்வரை தோப்புக்குத் தண்ணீர் இல்லை. வைத்து ஒரு வருடமே ஆன கன்றுகள் சில காய்ந்துபோயின.

அப்பா திட்டவில்லை. மகனுக்கு அதுதான் உறுத்தியது. அலுவலகத்தில் தவறு நேர்ந்தால் திருத்தி மறுபடி அனுப்பலாம். கருகிய காயிலை அப்படித் திருத்த முடியாது.

அதன் பிறகுதான் முறையாகப் படித்தார். ‘சி’ மொழி, மின்சுற்று, மல்டிமீட்டர் என்று அடிப்படையிலிருந்து தொடங்கினார். அடுத்த கருவியில் அப்பாவின் கேள்விக்குத்தான் முதலில் பதில் எழுதினார். கம்பி அரிக்காத கெப்பாசிட்டிவ் சென்சார் வைத்தார். அது என்ன சொன்னாலும், இரண்டு மணி நேரத்துக்கு மேல் மோட்டார் ஓடாது. தண்ணீர் இல்லாமல் ஓடும்போது மோட்டார் இழுக்கும் ஆம்பியர் குறையும். அதை அளந்து, குறைந்தவுடன் நிறுத்திவிடும். புரோகிராம் உறைந்துபோனால் சிப் தானே மறுபடி தொடங்கும். தொடங்கும்போது மோட்டார் நின்ற நிலையில்தான் இருக்கும்.

இரண்டு கோடைகளாக அந்த மோட்டார் கருகவில்லை. மகன் இப்போது கோவையில் எம்பெடட் வேலையிலேயே சேர்ந்துவிட்டார்.

உங்கள் வீட்டுப் பிள்ளைகளும் இப்படி முயற்சி செய்யலாம். முதலில் பேட்டரியும் சின்ன பல்பும் போதும். மும்முனை இணைப்பில் எலெக்ட்ரீஷியன் இல்லாமல் கை வைக்க வேண்டாம். தானியங்கி ஸ்டார்ட்டரைக் கடையில் வாங்குபவர்களும், பணம் கொடுக்கும் முன் அந்த அப்பா கேட்ட கேள்வியைக் கேட்டுவிடுங்கள்.