75 மில்லிமீற்றருக்குப் பிறகு

28 செப்டெம்பர் 2024, சனி

மொறட்டுவையில் எங்கள் வடிவமைப்பு வகுப்புச் சுவரில் இரட்டை வைரப் படம் ஒன்று தொங்குகிறது. பிரித்தானிய வடிவமைப்பு மன்றம் உலகுக்குக் கொடுத்தது. கண்டறி, வரையறு, உருவாக்கு, கையளி. முதல் வைரம் சிக்கலைத் தேடி விரிந்து சுருங்கும். இரண்டாவது தீர்வைத் தேடி விரிந்து சுருங்கும். இறுதியாண்டுச் செயற்திட்டமாக நான் எடுத்துக்கொண்டது தேயிலைத் தோட்ட லயங்களில் வாழும் மக்களுக்கான மண்சரிவு எச்சரிக்கைக் கருவி. மழையை அளக்க வேண்டும், ஆபத்தான அளவைத் தொட்டதும் சத்தம் போட வேண்டும். அதற்காகப் பூனாகலையில் சின்னம்மா வீட்டில் தங்கியிருக்கிறேன்.

இன்று மீரியபெத்தவுக்குப் போனேன். அடுத்த மாதம் 29ஆம் திகதியோடு பத்து வருசம். 2014 ஒக்டோபர் 29, புதன்கிழமை காலை ஏழரை மணியளவில் மேலேயிருந்து இறங்கிய மண் லயங்களை வரிசையோடு மூடியது. பள்ளிக்கூடம் புறப்பட்டுவிட்ட பிள்ளைகள் தப்பினார்கள். அவர்கள் திரும்பி வந்தபோது வீடு இல்லை, சிலருக்குத் தாய் தகப்பனும் இல்லை. முதல் நாட்களில் நூறுக்கு மேல் என்று சொல்லப்பட்ட இழப்பு, பின்னர் நாற்பதுக்குள் வந்து நின்றது. பலருடைய உடல் கடைசிவரை கிடைக்கவில்லை. சரிந்த இடத்தில் இப்போது மானாப்புல் ஆளுயரம் நிற்கிறது. அதற்குள் கால் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் இந்த மலைச்சரிவைப் பற்றி 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது என்று அனர்த்தம் நடந்த நாட்களிலேயே செய்தி வந்தது. பதுளை, நுவரெலியா மாவட்டங்களுக்கு மண்சரிவு அபாய வரைபடம் போடும் வேலை 1990இலேயே தொடங்கிவிட்டது. அப்படியென்றால் சிக்கலைக் கண்டறிந்திருந்தார்கள், வரையறுத்துமிருந்தார்கள். நிறம் தீட்டிய வரைபடம்கூட இருந்தது. எங்கள் வகுப்பில் பாதி மதிப்பெண் கிடைக்கும் வேலை அவ்வளவும் முடிந்திருந்தது. அதற்குப் பிறகும் அந்தப் புதன்கிழமை காலையில் மக்கள் அதே லயக் காம்பராக்களில்தான் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்கள். அந்த வரைபடத்துக்கும் லயத்து இஸ்தோப்புக்கும் (முன்திண்ணைக்கும்) இடையில் என்ன நடந்தது, என்ன நடக்காமல் போனது என்பதுதான் என் வேலை என்று இன்று தோன்றுகிறது.

5 ஒக்டோபர், சனி

நான் வேலை செய்யும் லயம் இதே மலைத்தொடரில் வேறொரு டிவிசனில் இருக்கிறது. அங்கே இன்னும் ஆட்கள் இருக்கிறார்கள் என்பதால் பெயரை எழுதவில்லை.

மழைமானியின் அடிப்படை எளிது. வாயும் உடலும் ஒரே அகலமாக உள்ள குழாயில் ஒரு மில்லிமீற்றர் மழைக்கு ஒரு மில்லிமீற்றர் உயரம் நீர் ஏறும். ஒன்றரை லீற்றர் சோடாப் போத்தலின் கழுத்தை வெட்டி, தலைகீழாக அதன் மேலேயே புனலாகக் கவிழ்த்து, வளைந்த அடிப்பகுதியைச் சீமெந்தால் மட்டமாக்கி, பக்கத்தில் அளவுகோலை ஒட்டினால் ஒரு பள்ளிப் பிள்ளையும் செய்துவிடலாம். கூரையிலிருந்தும் மரத்திலிருந்தும் விலக்கி வைக்க வேண்டும். 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் பெய்தால் விழிப்பு, 100 என்றால் எச்சரிக்கை, 150 என்றால் வெளியேற்றம். ஒரே மணித்தியாலத்தில் 75 கொட்டினாலும் வெளியேற வேண்டியதுதான். இந்த அளவுகள் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வகுத்தவை. மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மூன்று வளையம் வரைந்தேன்.

சத்தம் எழுப்புவதுதான் கடினம். இரண்டு கம்பி முனைகளை 75இல் வைத்து, நீர் தொட்டதும் மின்சாரம் ஓடிச் சத்தம் வரும்படி முதலில் செய்து பார்த்தேன். குழாய்த் தண்ணீரில் ஓடியது. மழைநீரில் உப்புகள் மிகக் குறைவு என்பதால் மின்சாரத்தைச் சரியாகக் கடத்தவில்லை. ஆகவே மிதவைக்கு மாறினேன். மிதவையின் அடியில் ஒரு சிறு காந்தம், குழாயின் வெளிப்புறத்தில் மூன்று உயரங்களில் ரீட் சுவிட்ச். காந்தம் நேருக்கு நேர் வரும்போது சுவிட்ச் தானாக மூடிக்கொள்ளும். தண்ணீர் கம்பியைத் தொடவே தேவையில்லை, துருவும் பிடிக்காது. கம்பியை இஸ்தோப்பு வழியாக உள்ளே இழுத்துவிட்டால், ராத்திரி ரெண்டு மணிக்கு அட்டைக்கடியில் வெளியே போய் டோர்ச் அடித்துப் பார்க்கும் வேலை யாருக்கும் இல்லை.

6 ஒக்டோபர், ஞாயிறு

பக்கத்துக் காம்பரா அக்கா ஒருவரிடம் கருவியைக் காட்டினேன். கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார். மட்டக்கம்பைக் கொழுந்துச் செடி மேல் வைத்து ஒரே பார்வையில் மட்டம் பார்க்கும் கண். "வளையம் கொஞ்சம் சாஞ்சிருக்கு புள்ள," என்றார். உண்மைதான். பிறகு கேட்டார்: "மணி அடிக்குது. சரி. அப்புறம் நாங்க எங்க போறது?"

பள்ளிக்கூடத்துக்கு என்றேன். அங்கேதான் போகச் சொல்வார்கள் என்று அவருக்கும் தெரியும். பள்ளிக்கூடச் சாவி யாரிடம்? அதிபரிடம், அவர் இருப்பது டவுனில். பாதை எது? கான் (வடிகால்) ஓரமாக இறங்கும் படிக்கட்டு, மழைக்கு அதுதான் முதலில் நிரம்பும். படுத்த படுக்கையாக இருக்கும் மாமியாரை யார் தூக்குவது? மாட்டை அவிழ்த்துவிடுவதா? விடிந்ததும் வேலைக்குப் பேர் பதியும் பிரட்டுக்குப் போகாவிட்டால் அந்த நாள் பேர் விழாதே?

இந்தக் கடைசிக் கேள்வியை நான் எந்தப் பாடப்புத்தகத்திலும் படித்ததில்லை. மீரியபெத்த சரிந்த வருசம் தோட்டத்தில் அடிப்படை நாட்சம்பளம் 450 ரூபா, கொடுப்பனவுகள் எல்லாம் சேர்த்தால் 620. மழைக்குப் பயந்து ஒதுங்கும் ஒவ்வொரு நாளும் அன்றைய காசு போகும். எச்சரிக்கைக்குச் செவிசாய்ப்பதற்கு ஒரு விலை இருக்கிறது, அதைக் கொடுப்பவர் மலையில் நிற்பவர்தான்.

நிரந்தரமாக வெளியேறுவதும் அப்படித்தான். காம்பரா தோட்டத்துக்குச் சொந்தம். காணி அரசாங்கத்துடையது, 1992 முதல் கம்பனிகளின் கையில். கடிதம்கூடத் தோட்டத்து ஆபீசுக்குத்தான் வரும். தன் பேரில் ஒரு அடி நிலம் இல்லாதவரிடம் "இடம் பெயருங்கள்" என்றால் எந்த இடத்துக்கு?

ராத்திரி மினெட் டி சில்வாவைப் பற்றிப் படித்தேன். இலங்கையின் முதல் பெண் கட்டடக் கலைஞர், கண்டிக்காரர். 1950களின் பிற்பகுதியில் கண்டி வட்டபுளுவவில் அரச ஊழியர்களுக்கு வீட்டுத் திட்டம் ஒன்றை வடிவமைத்தபோது, குடிவரப்போகும் குடும்பங்களிடம் முதலில் கேள்விக்கொத்துக் கொடுத்து அவர்களுடைய தேவைகளைக் கேட்டாராம். வெவ்வேறு இனம், வெவ்வேறு மதம், வெவ்வேறு வருமானம். அதற்கேற்ப வீட்டு வகைகளை அமைத்தார். இதே மலைநாட்டில்தான் இது நடந்தது. ஒரு நூற்றாண்டுக்கு மேலாக லயம் கட்டியவர்கள் பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையில் எத்தனை பேர் படுப்பீர்கள் என்று ஒருவரிடமும் கேட்கவில்லை. கேட்பது ஏதோ இக்காலத்துக் கண்டுபிடிப்பு என்பதுபோல வகுப்பில் பேசும்போது எனக்குக் கோபம் வருகிறது.

12 ஒக்டோபர், சனி

மாகல்தெனியவில் மீரியபெத்தக் குடும்பங்களுக்குக் கட்டிய புது வீடுகளைப் பார்த்தேன். தொழிற்சாலைக் கட்டடத்தில் முகாம் வாழ்க்கை வாழ்ந்த பிறகு, 2016இல் கிடைத்த 75 வீடுகள். தனி வீடு, தனி வாசல். வாசலில் நின்று ஒரு அம்மா "இது எங்கூடு" என்று சொன்ன விதத்தில் இருந்த உறுதியை நான் மதிக்கிறேன். பின்பக்கம் தகரம் இறக்கி விறகடுப்புக்கு இடம் எடுத்திருந்தார். புகை வீட்டுக்குள் வராமல் காற்றுப் போகும் பக்கம் பார்த்து வைத்த அடுப்பு. வரைபடம் முடித்த இடத்தில் அவர் தொடங்கியிருக்கிறார். இதையும் வடிவமைப்பு என்றுதான் என் குறிப்பில் எழுதியிருக்கிறேன்.

பின்னேரம், கான் வெட்டி ஓய்வுபெற்ற தாத்தா ஒருவரோடு மலையேறினேன். சரிவில் வழிந்தோடும் மழைத்தண்ணீரைத் தடுத்துப் பக்கவாட்டில் வடித்துவிடுவதற்குத்தான் மலைக்குக் குறுக்கே கான் வெட்டுகிறார்கள். ஆட்குறைப்பு வந்த பிறகு பல கான்களைத் துப்புரவாக்க ஆளில்லை. "கான் அடைச்சுக்கிட்டா மலை தண்ணிய குடிக்கும். குடிச்ச மலை நிக்காது," என்றார். நிலத்தில் புது வெடிப்பு, நேராக நின்ற மரம் சாய்வது, பீலித் தண்ணி திடீரெனக் கலங்குவது அல்லது நின்றுபோவது, இதுவரை இல்லாத இடத்தில் ஊற்று, கதவு நிலையில் இறுகிக்கொள்வது: ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டே வந்தார். நிபுணர்களின் கையேட்டிலும் இந்த அறிகுறிகள்தான் இருக்கின்றன. தாத்தாவிடம் எந்த அதிகாரியாவது வந்து கேட்டதுண்டா என்றேன். இல்லையென்று தலையை மட்டும் ஆட்டினார்.

மழைமானிப் பலகையில் இந்த அறிகுறிகளுக்கும் இடம் ஒதுக்கினேன். மண்ணுக்குள் நடப்பதைப் போத்தல் சொல்லாது. பீலிக்குக் குடத்தோடு போகும் பெண்தான் முதலில் பார்ப்பாள்.

13 ஒக்டோபர், ஞாயிறு

விரைவாகத் தோற்றுப் பார், அதிலிருந்து கற்றுக்கொள் என்பது எங்கள் துறையின் வேதவாக்கு. நாற்காலிக்கு அது சரி. திட்டமிடல் பற்றி ரிட்டெலும் வெபரும் 1973இல் எழுதிய கட்டுரை ஒன்றில், சமூகச் சிக்கல்களைக் கையாள்பவருக்குத் தவறிழைக்கும் உரிமை கிடையாது என்று வாதிட்டார்கள். விளைவை அனுபவிப்பவர்கள் வேறு ஆட்கள். இந்தக் கருவி ஒரு முறை அடிக்காமல் விட்டால் உயிர் போகும். சும்மா சும்மா அடித்தாலும் அதே ஆபத்துத்தான். நாலாவது தடவை யாரும் போர்வையை விலக்க மாட்டார்கள், அதுவும் காலையில் கொழுந்துக்குப் போக வேண்டியவர்கள்.

மூன்று அளவுகளுக்கும் ஒரே சத்தம் வைப்பதில்லை என்று முடிவு செய்தேன். 75இல் விளக்கு மட்டும். 100இல் விட்டுவிட்டு ஒலி. 150இல் நிறுத்த முடியாத ஒலி. 75 என்பது தூக்கத்தைக் கெடுக்கக்கூடாது, ஆனால் விழித்திருப்பவருக்குத் தெரிய வேண்டும். முடிவெடுக்க அவகாசம் கொடுப்பதுதான் அந்த மஞ்சளின் வேலை.

19 ஒக்டோபர், சனி

பின்னேரம் பிரட்டுக் களத்தில் ஒத்திகை. மழையில்லாத நாளில் குடத்துத் தண்ணீரை ஊற்றி மிதவையை ஏற்றினோம். காகிதத்தில் நான் போட்டுக் கொண்டுபோன பாதையைப் பெண்கள் ஏற்கவில்லை. தேயிலைக் குச்சிகளைத் தரையில் அடுக்கித் தாங்களே லயத்தைப் போட்டார்கள். கான் படிக்கட்டைத் தவிர்த்து, கோயிலுக்குப் பின்னால் போகும் கவ்வாத்து மலைப் பாதை. தூரம் கூட, ஆனால் தண்ணீர் வராது. 75இல் யார் என்ன செய்வது என்பதையும் அவர்களே வகுத்தார்கள்: படுக்கையில் இருப்பவர்கள், பிள்ளைத்தாய்ச்சிகள், கைக்குழந்தைகள் விளக்கு எரிந்த உடனே, இருட்டுவதற்குள் போய்விட வேண்டும். 100இல் மற்ற எல்லாரும். 150க்குக் காத்திருப்பதில்லை. அதிகாரபூர்வ அளவுகளைவிட இது ஒரு படி முந்தியது. காரணம் கேட்டேன். ராத்திரியில் ஒரு கிழவியைத் தூக்கிக்கொண்டு அந்தப் பாதையில் நடந்து பார்த்தால் தெரியும் என்றார் பக்கத்துக் காம்பரா அக்கா.

என் அறிக்கையின் நடுப்பக்கம் இதுதான். கருவியின் படம் பின்னிணைப்புக்குப் போகிறது.

26 ஒக்டோபர், சனி

தீபாவளி வியாழக்கிழமை. லயத்தில் சுண்ணாம்பு அடிக்கிறார்கள், நானும் ஒரு சுவர் அடித்தேன்.

பற்றரிப் பெட்டியைத் தரையிலிருந்து உயர்த்திச் சாமித்தட்டுக்குப் பக்கத்தில் மாட்டியாயிற்று. எலி தொடாது, விளக்கும் எல்லார் கண்ணிலும் படும். செம்மஞ்சள் அளவு தொட்ட மறுநாள் வேலைக்கு வராதவர்களுக்கும் பேர் போட வேண்டும் என்று நிர்வாகத்துக்கு ஒரு கடிதம், தோட்டத் தலைவர்மார் கையெழுத்தோடு தயாராகிறது. அதைத் தட்டச்சு செய்வது என் பொறுப்பு. இந்தக் கோரிக்கை கிடைக்காவிட்டால் மற்றதெல்லாம் பாதிதான் வேலை செய்யும்.

பள்ளிக்கூடச் சாவிக்கு இன்னொரு பிரதி கொடுக்க அதிபர் சம்மதித்துவிட்டார். அதை யார் வைத்திருப்பது என்று நாளைக் கூட்டத்தில் முடிவாகும். தலைவர் வீடு என்று சிலர் சொல்கிறார்கள். கோயில் பாதை தொடங்கும் கடைசிக் காம்பராவில் இருக்க வேண்டும் என்பது என் கருத்து, அந்த வீட்டுப் பெண் ராத்திரி வெளியூர் போவதில்லை. நாளைக்கு அதை எழுந்து நின்று சொல்லப்போகிறேன்.