73-க்கு 113

ஆனைகட்டி ஏற்றத்தில்தான் அந்தச் சத்தம் முதலில் கேட்டது. வலது கால் கீழே இறங்கும்போதெல்லாம் ஒரு ‘டக்’. சமதளத்தில் அடங்கிவிடும்; மேடு வந்தால் மறுபடி தொடங்கும். செகண்ட் ஹேண்டில் வாங்கிய மலைப்பாதை சைக்கிள். பிபி தேய்ந்துவிட்டதென்று இரண்டு மாதம் முன்புதான் புதிதாக வாங்கி நானே மாட்டியிருந்தேன். புதுப் பொருள் ஏன் இப்படிக் கத்துகிறது என்று புரியாமல், கோவை கணபதியில் உள்ள ஒரு பட்டறைக்குப் போனேன். அரை நாள் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

இரண்டு கிராங்குகளையும் கோக்கும் ஆக்சிலையும் அதைத் தாங்கும் பேரிங்குகளையும் சேர்த்துத்தான் கடைகளில் பிபி (பாட்டம் பிராக்கெட்) என்கிறார்கள். ஃபிரேமின் குழாய்கள் வந்து கூடும் இடத்தில், குறுக்கே கிடக்கும் ஒரு சிறு குழாய்க்குள் அது உட்கார்ந்திருக்கிறது. அந்தக் குழாய்க்கு ஷெல் என்று பெயர். நாம் மிதிக்கிற மிதியெல்லாம் அங்கேதான் இறங்குகிறது.

பட்டறைக்கார அண்ணனுக்கு ஐம்பது வயதிருக்கும். சைக்கிளுக்கு வருமுன் லேத்தில் நின்றவர்; மோட்டார் பம்புக்கு ஷாஃப்ட் கடைந்த கை. அவர் மேசையில் ஸ்பேனரைவிட வெர்னியர்தான் முன்னால் கிடக்கிறது. சைக்கிளைத் தொடுவதற்கு முன் என்னையே ஓட்டச் சொன்னார். “எந்திரிச்சு நின்னு மிதிங்க தம்பி.” நின்றபோதும் சத்தம் வந்தது. அப்படியானால் சீட்டில் இல்லை. பெடல்களைக் கழற்றி வேறு பெடல் போட்டார். அப்போதும் வந்தது. பிறகு இடது கிராங்கைப் பிடித்து ஃபிரேம் பக்கமாகவும் வெளிப்பக்கமாகவும் ஆட்டினார். கையில் உணர முடிகிற ஆட்டம். “பிபிதானுங்க. பேரிங் போகலை, உக்காரலை” என்றார்.

கிராங்க் புல்லரைத் திருகி கிராங்குகளை எடுத்துவிட்டு, செயின் பக்கத்து கப்பை வலப்புறமாகச் சுற்றிக் கழற்றினார். வழக்கமாக இறுக்கும் திசையில் கழன்று வந்தது. அது இடமரை, எதிர்ப்பக்கம் சாதாரண மரை. காரணம் கேட்டேன். பெரிய வாஷர் ஒன்றை எடுத்து அதன் ஓட்டைக்குள் ஒல்லியான கம்பியை விட்டார். கம்பியை ஓட்டையின் உள்விளிம்போடு அழுத்தியபடி வட்டமாக நகர்த்தினார். கம்பி போன திசைக்கு நேர் எதிராகத் தன்னைத்தானே சுற்றிக்கொண்டது. பேரிங் குண்டுகள் கப்பின் உள்ளே அழுத்திக்கொண்டே ஓடும்போதும் இதுதான் நடக்கிறது. மிதிக்கும் திசைக்கு எதிராகக் கப்பு மெல்ல நகரப் பார்க்கும். செயின் பக்கம் சாதாரண மரை இருந்தால் மிதிக்க மிதிக்கக் கழன்றுவிடும். இத்தாலிய முறையில் இரு பக்கமும் சாதாரண மரைதான். அந்த வகை சைக்கிள் வந்தால் வலது கப்பை இறுக்குவதில் தனிக் கவனம் வேண்டும் என்றார்.

வெளியே வந்த பிபியின் மேல் 1.37x24 என்று பொறித்திருந்தது. அதாவது 1.37 அங்குல விட்டம், அங்குலத்துக்கு 24 மரை. இந்த அளவை உலகம் முழுக்க பிஎஸ்ஏ மரை என்கிறார்கள். பர்மிங்காமில் துப்பாக்கி செய்த தொழிற்சாலையின் பெயர் அது. மூன்று துப்பாக்கிகள் சாய்ந்து நிற்பதுதான் அதன் சின்னம். அம்பத்தூரில் டிஐ சைக்கிள்ஸ் அதே பெயரில் சைக்கிள் செய்ததால், எங்கள் வீட்டிலும் ஒரு பிஎஸ்ஏ எஸ்எல்ஆர் நின்றது. அந்த மூன்று எழுத்துக்குள் இப்படி ஒரு அளவு ஒளிந்திருப்பது அன்றுதான் தெரிந்தது.

மரை சரி. பிழை அகலத்தில் இருந்தது. ஷெல்லின் விளிம்பில் படிந்திருந்த பெயின்டைச் சுரண்டிவிட்டு வெர்னியரை வைத்தார், 73 மில்லிமீட்டர். நான் வாங்கியது 68-க்கானது. மலைப்பாதை சைக்கிள்களில் இரண்டு அளவும் உண்டு. விற்பவர் ‘எம்டிபிக்குப் பொருந்தும்’ என்று எழுதியிருந்ததை நம்பி, அளக்காமல் வாங்கியிருந்தேன். உள்ளிருக்கும் உருளை ஐந்து மில்லி குட்டை; இடது கப்புக்குள் போய் முழுதாக ஊன்றவில்லை. பாதித் தாங்கலில்தான் அத்தனை ஏற்றமும் ஏறியிருக்கிறேன்.

“இன்னொரு தப்பும் இருக்குதுங்க” என்றார். ஆக்சில் நீளம் 122.5. என் கிராங்குக்கு அது அதிகம். பல் சக்கரம் வெளியே தள்ளி நிற்க, செயின் கோணலாக ஓடிக்கொண்டிருந்தது. ஃபிரேமின் நடுக்கோட்டிலிருந்து நடுப் பல் சக்கரம் வரை ஸ்கேல் வைத்து அளந்தார். பின்பக்க ஃப்ரீவீலின் நடுப்பல்லுக்கு நேரே அது வர வேண்டும். 113 போட்டால் மொத்தம் 9.5 மில்லி குறையும். ஒரு பக்கத்துக்கு ஏறத்தாழ 4.75 மில்லி உள்ளே வரும். அதற்கும் குட்டையாகப் போட்டால் சின்னப் பல் சக்கரம் ஃபிரேமில் உரசும். பெட்டியிலிருந்து 73-113 ஒன்றை எடுத்து இறுக்காமல் வைத்து, கிராங்கை மாட்டி, இடைவெளியில் விரலை விட்டுப் பார்த்தபிறகுதான் கிரீஸ் டப்பாவைத் திறந்தார்.

பிபி அளவு நாம் விரும்பித் தேர்ந்தெடுக்கிற ஒன்று என்று நினைத்திருந்தேன். ஷெல்லையும் கிராங்கையும் மீறி நம் விருப்பத்துக்கு அங்கே இடமில்லை. என்னுடையது சதுர முனை ஆக்சில். பக்கத்தில் தொங்கிய சைக்கிளில் 24 மில்லி உருண்டை ஆக்சில், பேரிங் ஷெல்லுக்கு வெளியே. அதே ஷெல் 73 என்றால் செயின் பக்கம் 2.5 மில்லி ஸ்பேசர் ஒன்று. 68 என்றால் செயின் பக்கம் இரண்டு, எதிர்ப்பக்கம் ஒன்று. இன்னொரு கார்பன் ஃபிரேமில் மரையே கிடையாது. 41 மில்லி ஓட்டைக்குள் பேரிங்கை அழுத்தி ஏற்ற வேண்டும். அதில் நூலிழை பிசகினாலும் சத்தம் வரும். பழைய லேத் பழக்கம் அங்கேதான் கைகொடுக்கிறது.

நான் இருக்கும்போதே ஒருவர் வந்தார். பல்லாயிரம் ரூபாய் சைக்கிள். பிபி மாற்றிய கூலியில் நூறு ரூபாய் குறைக்கச் சொல்லி வெகுநேரம் நின்றார். எனக்கு ஆத்திரமாக இருந்தது. மாட்டுவது பத்து நிமிடம்தான்; எதை மாட்டுவது என்று அறிய அண்ணன் எத்தனை வருடம் இரும்பின் முன் நின்றிருக்கிறார்! அவர் வாதாடவில்லை. குறைத்துக்கொண்டார்.

மூலையில் அவர் அக்கா மகன் ஒரு பால்காரரின் பழைய சைக்கிளை ஓவராயில் செய்துகொண்டிருந்தான். காட்டர் பின்னைத் தட்டி எடுத்து, மண்ணெண்ணெயில் கழுவிய கால் அங்குலக் குண்டுகளை கிரீஸில் ஒவ்வொன்றாகப் பதித்தான். “பதினொண்ணு வந்துச்சு மாமா.” “அந்தப் பக்கமும் எண்ணு.”

என் சைக்கிளை ஓட்டிப் பார்த்தேன். ‘டக்’ இல்லை. இறங்கியதும் அண்ணன் அதைத் தலைகீழாகத் திருப்பி, ஷெல்லின் அடிப்பக்கத்தைத் துணியால் துடைத்து, மார்க்கரால் எழுதினார்: 73–113. எதற்கு என்றேன்.

“நாளைக்கு வேற ஊருல, வேற ஆள் கழட்டுவாப்ல. அவருக்குத்தானுங்க.”