சிறப்புக் கலைமாணி

முதலாண்டுப் பரீட்சைச் சித்தியின் பேரில் தமிழ்ச் சிறப்புக் கற்கைக்குத் தெரிவாகி, 1943இல் சுவாமி விபுலாநந்தர் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராய் அமர்ந்த காலந்தொட்டு வளர்ந்துவந்த வித்தியா பரம்பரையில், பேராதனையிலே நானும் ஒரு மாணவியானேன் என்பதை நினைக்குந்தோறும் நெஞ்சம் நிறைகிறது.

இடையாண்டுகளைப் பற்றி விஸ்தரிக்க வேண்டியதில்லை. இறுதியாண்டின் ஆய்வேடே என்னை உருவாக்கிய கல்வி. மலையகக் காமன் கூத்தைப் பொருளாகக் கொண்டு, மாசி மாதத்துக் குளிரில் லயத்து வாசல்களில் அமர்ந்து, முதியவர்கள் பாடப்பாட ஒலிப்பதிவு செய்து, தோட்டத்துக்குத் தோட்டம் வேறுபடும் பாடபேதங்களை ஒப்புநோக்கி, ஐயமுற்ற இடங்களில் பாடியவரிடமே மீண்டும் சென்று விளக்கம் கேட்டு எழுதிய அந்தப் பிரயாசைக்கு ஈடாக வேறெந்த விரிவுரையையும் நான் சொல்ல மாட்டேன். எழுத்தறியாத அப்பெரியோரும் என் ஆசிரியர்களே.

நேற்றுப் பட்டம் பெற்றேன். ஒலிப்பதிவுகள் பத்திரமாக என்னிடம் உள்ளன. கனிஷ்ட மாணவர் எவரேனும் இவ்வாய்வைத் தொடர விரும்பினால், தயங்காமல் கேளுங்கள்.