விரலுக்குத் தகுந்த வீக்கம்

‘விரலுக்குத் தகுந்த வீக்கம் வேண்டும்’ என்று நம் பெரியோர் கூறுவர். இந்தப் பழமொழியைச் சிறு வகுப்பிலேயே மனப்பாடம் செய்திருந்தோம். ஆனால் அதன் பொருள் விளங்கியது, எங்கள் வீட்டுப் பழைய கணிப்பொறிக்கு ஒரு கிராபிக்ஸ் கார்டு வாங்கப் புறப்பட்ட பிறகுதான்.

நாங்கள் என்றால் அக்காளும் தங்கையுமாக இருவர். மூத்தவள் பாலிடெக்னிக்கில் சிவில் பயில்கிறாள். இளையவள் இப்பள்ளியில் பத்தாம் வகுப்பு. அப்பா ஒரு லாரி ஷெட்டில் கணக்கு எழுதுகிறார். அம்மா வீட்டிலேயே தையல் வேலை செய்கிறார். எங்கள் கணிப்பொறி ஏதோ ஓர் அலுவலகத்தில் உழைத்து ஓய்வு பெற்றது. மூன்று ஆண்டுகளுக்கு முன் அப்பா அதைத் திருச்சியில் இரண்டாம் விலைக்கு வாங்கி வந்தார். அதிலுள்ள இன்டெல் ஐ5-3470 பிராசசர் 2012-ஆம் ஆண்டு வெளிவந்தது. தனியாகக் கிராபிக்ஸ் கார்டு கிடையாது. பிராசசருக்குள்ளேயே இருக்கும் எச்.டி. 2500 என்ற சிறு பகுதிதான் திரையில் படம் காட்டும். பாடம் படிக்கவும் கடிதம் தட்டச்சு செய்யவும் அது போதுமானதாக இருந்தது.

பள்ளிக் கண்காட்சி அறிவிப்பு வந்ததும் சோதனை தொடங்கிற்று. 1687-இல் சேதுபதி மன்னர் கட்டிய திருமயம் கோட்டையைக் கணிப்பொறியில் முப்பரிமாணமாகச் செய்து காட்டுவது என்று முடிவு செய்தோம். அதற்குப் பிளெண்டர் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. ஆவலுடன் அதை இறக்கித் திறந்தால், “உங்கள் கிராபிக்ஸ் இதற்கு ஏற்றதன்று” என்ற பொருளில் ஒரு செய்தி தோன்றியது. மென்பொருளும் கிராபிக்ஸ் பகுதியும் பேசிக்கொள்ளும் மொழிக்கு ஓப்பன் ஜி.எல். என்று பெயர். 2023-இல் வெளிவந்த பிளெண்டர் 4.0 முதல் அம்மொழியின் 4.3 பதிப்பு வேண்டும். எங்கள் எச்.டி. 2500-க்குத் தெரிந்தது 4.0 வரைதான்.

காசு செலவில்லாத வழியை முதலில் பார்ப்போம் என்று பிளெண்டரின் பழைய 2.79 பதிப்பைப் போட்டோம். அது திறந்தது. ஆயினும் கோட்டையின் மதிலைச் சற்றே திருப்பினால் படம் திணறித் திணறி நகர்ந்தது. தோழியர் புதிய பதிப்பில் செய்து தந்த பகுதிகளோ அதில் சரிவரத் திறக்கவில்லை.

அந்த வாரம்தான் அம்மாவுக்குச் சீட்டு விழுந்தது. கைக்கு வந்தது ஆறாயிரம் ரூபாய். கால் வலிக்க மிதிக்கும் தையல் மெஷினுக்கு ஒரு மோட்டார் பொருத்த வேண்டும் என்று இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தவர், “முதல்ல உங்களுக்கு வேணுங்கிறதை வாங்குங்கடி. மோட்டார் எங்கே ஓடிப் போகுது?” என்று பணத்தை எங்கள் கையில் கொடுத்துவிட்டார்.

பெரியப்பா மகன் அண்ணன் கோவையிலிருந்து தொலைபேசியில் யோசனை சொன்னார்: “வாங்கினால் ஜி.டி.எக்ஸ். 1650 வாங்குங்கள். பழையதே ஆறாயிரத்து ஐந்நூறுக்குக் கிடைக்கும்.” 2019-இல் வந்த அந்தக் கார்டில் 4 ஜி.பி. மெமரி உண்டு என்று கேட்டதும் எங்களுக்கு ஆசை வந்துவிட்டது. குறையும் ஐந்நூறை யாரிடம் கைமாற்றுக் கேட்கலாம் என்றுகூடப் பேசத் தொடங்கினோம்.

திண்ணையில் படுத்திருந்த அம்மாச்சி எழுந்து உட்கார்ந்தார். நம் மாவட்டத்தில் 1991-இல் அறிவொளி இயக்கம் தொடங்கியதும், அடுத்த ஆண்டு ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றதும் பலரும் அறிந்ததே. அப்போது மாவட்ட ஆட்சியராக இருந்த திருமதி ஷீலா ராணி சுங்கத் அதற்குப் பேரூக்கம் தந்தார். எங்கள் அம்மாச்சியும் அப்படிக் கற்றவர்தாம்.

“எல்லாரும் லேடீஸ் சைக்கிளுக்குக் காத்துக் கெடந்தாக. நான் ஜென்ட்ஸ் சைக்கிளையே எடுத்தேன். முன்னாடி கம்பியில உங்க அம்மா, பின்னாடி கேரியர்ல தண்ணிக் குடம். வண்டி வாங்குமுன்னே ஏத்தப்போற பாரத்தையும் போகப்போற பாதையையும் நெனைக்கணும். ஊரு என்ன சொல்லுதுன்னு நெனைக்கப்படாது” என்றார்.

கிராபிக்ஸ் கார்டு என்றால் என்னவென்றே அறியாத அம்மாச்சி சொன்ன இந்த வார்த்தைதான் எங்களுக்கு வழிகாட்டியது.

பாரம் என்ன? ஒரு கோட்டை மாதிரி, அக்காவின் ஆட்டோகேட் வரைபடங்கள். அவ்வளவே. விளையாட்டுகள் எங்கள் கணக்கில் இல்லை. பாதை எப்படி? மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டுக் கேபினெட்டைத் திறந்தோம். படிந்திருந்த தூசியைத் தட்டிவிட்டு, அடிக்கோலால் அளந்தோம். ஒல்லியான கேபினெட்டாகையால் பாதி உயரமுள்ள கார்டுதான் உள்ளே நுழையும். எஸ்.எம்.பி.எஸ். 240 வாட். அதன் வடிவம் தனி வகை என்பதால், கடையில் கிடைக்கும் சாதாரண எஸ்.எம்.பி.எஸ்.ஸை அதற்குப் பதிலாக வைக்கவும் முடியாது. கார்டுக்குத் தனியாக மின்சாரம் தரும் ஒயரும் இல்லை. கார்டு செருகும் ஸ்லாட் விதிப்படி அதிகபட்சம் 75 வாட் தரலாம். ஒல்லியான அலுவலகக் கணிப்பொறிகள் சிலவற்றில் அதைவிடக் குறைவாகவே ஒதுக்கியிருப்பார்கள். அண்ணன் சொன்ன 1650 கேட்பதோ முழு 75 வாட். பழைய மாட்டின் மேல் கொள்ளளவு மூட்டையையும் ஏற்றுவது போன்ற செயல் அது என்று அதை விட்டுவிட்டோம்.

மற்றவற்றை ஒரு நோட்டில் எழுதி ஒப்பிட்டோம். ஜி.டி. 710 புதிதாகவே மலிவு. 19 வாட் போதும். ஆனால் அதன் உள்ளமைப்பு மிகப் பழையது. என்விடியா நிறுவனம் அந்த வகைக்குப் புது டிரைவர் தருவதை 2021-இலேயே நிறுத்திவிட்டது. ஏ.எம்.டி.யின் ஆர்.எக்ஸ். 6400 2022-இல் வந்தது, 53 வாட். ஆனால் அது நான்கு தடங்களில் மட்டுமே தகவலை அனுப்புகிறது. புதிய பி.சி.ஐ. 4.0 மதர்போர்டில் அது குறையாகத் தெரியாது. எங்களுடையது பி.சி.ஐ. 3.0 ஆகையால் அந்த வேகமும் பாதியாகிவிடும். எஞ்சியது ஜி.டி. 1030. 2017-இல் வந்தது. 30 வாட், 2 ஜி.பி. மெமரி. பிளெண்டர் குறைந்தபட்சம் கேட்பதும் அந்த 2 ஜி.பி.தான். பாரத்துக்கும் பாதைக்கும் அதுவே பொருந்தியது.

அப்பாவுடன் திருச்சிக்குப் போய், ஒரு கடையில் பழைய 1030 ஒன்றை மூவாயிரத்து ஐந்நூறுக்கு வாங்கினோம். கூடவே அறுநூறு ரூபாய்க்கு 4 ஜி.பி. ரேம் ஒன்றும் வாங்கி, இருந்ததோடு சேர்த்து 8 ஜி.பி. ஆக்கினோம். பிளெண்டருக்கு அதுவும் தேவை. மகிழ்ச்சியோடு வீடு திரும்பிப் பொருத்தினோம். பிளெண்டர் திறந்தது! ஆனால் நாங்கள் எதிர்பார்த்த வேகம் இல்லை. ஜி.பி.யு.-இசட் என்ற மென்பொருளில் பார்த்தபோதுதான் காரணம் தெரிந்தது. ஜி.டி. 1030 என்ற ஒரே பெயரில் இரண்டு வகை உண்டு. முதலில் வந்ததில் ஜி.டி.டி.ஆர்.5 மெமரி. நொடிக்கு 48 ஜிகாபைட் தகவல் அதில் பாயும். 2018-இல் வந்ததில் டி.டி.ஆர்.4 மெமரி. அதில் பாய்வது சுமார் 17 ஜிகாபைட்தான். எங்கள் கையில் இருந்தது இரண்டாவது.

அன்றிரவு எங்கள் இருவருக்கும் சண்டை. “நீ பார்த்திருக்க வேண்டும்” என்றாள் ஒருத்தி. “பெட்டியை வாங்கிப் பார்த்தது நீதானே?” என்றாள் மற்றவள். உள்ளே மெஷின் மிதிக்கும் ஓசை கேட்டுக்கொண்டே இருந்தது. அந்த ஓசையில் எங்கள் வாய் தானாக அடங்கியது. மறுநாள் மீண்டும் திருச்சி. கடைக்காரர் ஏமாற்றினார் என்று சொல்ல மாட்டோம். மெமரி எந்த வகை என்று நாங்கள் கேட்கவே இல்லை. உண்மையைச் சொல்லிக் கேட்டதும், நானூறு ரூபாய் கூடுதலாகப் பெற்றுக்கொண்டு மாற்றிக் கொடுத்தார். இம்முறை மெமரி வகையைப் பில்லிலேயே எழுதி வாங்கினோம்.

இப்போது திருமயம் கோட்டையின் மதில்களும் உச்சியிலுள்ள பீரங்கியும் எங்கள் திரையில் தடங்கலின்றிச் சுழல்கின்றன. இது நிரந்தரம் என்று நாங்கள் எண்ணவில்லை. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. எங்கள் பிராசசர் விண்டோஸ் 11-க்கு ஏற்றதன்று. 1030 வகைக்கும் 2028 அக்டோபர் வரை பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டுமே வரும். அக்கா வேலைக்குப் போகும் வரை இது தாங்கினால் போதும். கிழவனுக்கு ஊன்றுகோல் கொடுத்திருக்கிறோமே தவிர, அவனைக் குமரனாக்கிவிடவில்லை.

கார்டுக்கும் ரேமுக்கும் நான்காயிரத்து ஐந்நூறு. பேருந்துக் கட்டணம் போக மீதம் ஆயிரத்து இருநூறுக்குச் சற்று அதிகம். அதில் அம்மாவின் மெஷினுக்கு மோட்டார் வந்துவிட்டது. அதற்கும் அம்மெஷினின் வயதையும் தைக்கும் துணியையும் சொல்லித்தான் கேட்டு வாங்கினோம். பெரிய கார்டை வாங்கியிருந்தால், எங்கள் கணிப்பொறியும் தாங்கியிராது, அம்மாவின் கால் வலியும் தீர்ந்திராது.

அன்புத் தோழியரே! எதை வாங்கப் போனாலும், ‘எது பெரியது?’ என்று கேட்குமுன், ‘நம் பாரம் எவ்வளவு? நம் பாதை எத்தகையது?’ என்று கேட்டுக்கொள்ளுங்கள். பெட்டியின் மேலுள்ள பெயரோடு நின்றுவிடாமல் உள்ளே இருப்பதையும் பாருங்கள். கண்காட்சி நாளன்று எங்கள் கோட்டையைக் காண வாருங்கள். அம்மாச்சியும் வருவதாகச் சொல்லியிருக்கிறார், சைக்கிளில்!

— பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி