உள்ளேயிருந்து போகுது... வெளியேயிருந்து வரலை!

வர்ச்சுவல் மெஷினும் லேப்டாப்பும் ஒண்ணோட ஒண்ணு பேசலைன்னா நம்ம பசங்க முதல்ல என்ன பண்ணுவாங்க தெரியுமா? அழிச்சுட்டு மறுபடி இன்ஸ்டால் பண்ணுவாங்க! டியூப்லைட் எரியலைன்னு வீட்டையே இடிக்கிற கதைதான். என் ரூம்மேட்டும் அதுக்குத்தான் கை வெச்சான். மறுநாள் காலையில அவனுக்கு ஃபைனல் இயர் புராஜெக்ட் ரிவ்யூ.

அவன் புராஜெக்ட் என்னன்னா, அப்பாவோட தென்னந்தோப்பில் மண்ணின் ஈரத்தை அளந்து, மோட்டார் போடலாமா வேணாமான்னு சொல்றது. மூணு வாரம் தோப்புல உட்கார்ந்து எடுத்த கணக்கு மொத்தமும் அந்த மெஷினுக்குள்ளதான். பேக்கப்பா? ஹி... ஹி... கேட்காதீங்க. லேப்டாப்பில் விண்டோஸ், அதுல வர்ச்சுவல்பாக்ஸ், அதுக்குள்ள உபுண்டு சர்வர். யுஎஸ்பியில் மாட்டின சென்சார் சொல்றதை விண்டோஸ் வாங்கி உபுண்டுவுக்கு அனுப்பணும். அதுதான் போய்ச் சேரலை.

"மச்சி, உபுண்டுல நெட் சூப்பரா வருதுடா, அப்டேட்கூட ஆகுது. விண்டோஸ்லேருந்து பிங் அடிச்சா மட்டும் பிணம் மாதிரி கிடக்குது. எனக்கெல்லாம் இது வராதுடா" என்று நொந்து நூடுல்ஸ் ஆகி உட்கார்ந்திருந்தான்.

பயபுள்ள பதிலையே கேள்வியா சொல்றான்! உள்ளேயிருந்து வெளியே போகுது, வெளியேயிருந்து உள்ளே வரலை. ஐபி நம்பரைப் பார்த்தேன். 10.0.2.15. நாம எதையும் தொடாம விட்டா வர்ச்சுவல்பாக்ஸ் தருவது 'நாட்' முறை. அதுல முதல் கார்டுக்கு வழக்கமா இதே நம்பர்தான். பக்கத்து ரூம்காரன் மெஷினைத் திறந்தாலும் அநேகமா இதேதான் இருக்கும்.

ஹாஸ்டல் ஆபீஸ் போனை நினைச்சுக்கோங்க. ரூம் இன்டர்காமிலிருந்து ஆபீஸ் வழியா யாருக்கு வேணும்னாலும் பேசலாம். வெளியே தெரியறது ஆபீஸ் நம்பர் மட்டும்தான். வெளியாள் கூப்பிட்டா, எந்த ரூமுக்குக் கொடுக்கணும்னு வார்டனுக்கு எப்படித் தெரியும்? "இப்படி ஒரு கால் வந்தா 22-ஆம் ரூமுக்குக் கொடுங்க சார்"னு முன்னாடியே சொல்லி வைக்கணும். அதுக்குப் பேர்தான் போர்ட் ஃபார்வேர்டிங்.

அவன் அதுக்குள்ள 'பிரிட்ஜ்டு'க்கு மாத்திட்டான். பல்பு! அதுல உபுண்டு தனி ஆளா ஹாஸ்டல் லேனில் போய் நிற்கும். எங்க லேனிலோ, பதிவு பண்ணாத மேக் அட்ரஸுக்கு ஐபி கிடையாது.

முதல் கார்டை நாட்டிலேயே விட்டுட்டு, இரண்டாவதா 'ஹோஸ்ட் ஒன்லி' கார்டு ஒண்ணு சேர்த்தோம். லேப்டாப்புக்கும் மெஷினுக்கும் நடுவுல மட்டும் ஒரு தனி வயர்னு வெச்சுக்கோங்க. லேப்டாப் பக்கம் 192.168.56.1. உபுண்டு பக்கம்... காலி! உபுண்டு சர்வர் இருக்கே, பின்னாடி சேர்த்த கார்டைத் தானா எழுப்பாது. நெட்பிளான் ஃபைலில் அதன் பேரை எழுதின பிறகுதான் 192.168.56.101 வந்தது. பிங் அடிச்சோம், பதில் வந்தாச்சு! பய கட்டிலில் ஏறிக் குதிச்சான்.

ஆனா சென்சார் கணக்கு இன்னும் போகலை. மணி ரெண்டரை. மறுபடி மூஞ்சி தொங்கிடுச்சு.

பிங் போகுதுன்னா பாதை இருக்குன்னுதான் அர்த்தம். கதவைத் திறக்க ஆள் இருக்கணுமே? உபுண்டுவில் எந்த புரோகிராம் எந்த போர்ட்டில் காத்திருக்குன்னு பார்த்தோம். அவனோட ஃபிளாஸ்க் புரோகிராம் 127.0.0.1, போர்ட் 5000-ல் உட்கார்ந்திருந்தது. ஃபிளாஸ்க்கின் வழக்கமே அதுதான். தன் மெஷினுக்குள்ளேயிருந்து கூப்பிட்டா மட்டும் பேசும். 0.0.0.0-ன்னு மாத்தினதும் எல்லா கார்டிலும் காது கொடுத்தது. ஈரம் 41 சதவீதம்னு முதல் வரி வந்து விழுந்தது. அவன் குதிக்கலை. முதல் வேலையா மெஷினை எக்ஸ்போர்ட் பண்ணி பென் டிரைவில் போட்டான்.

இன்னொண்ணு, உபுண்டுவிலிருந்து விண்டோஸுக்குப் பிங் போகலைன்னா பதறாதீங்க மக்களே. வெளியேயிருந்து வர்ற பிங்கை விண்டோஸ் ஃபயர்வால் வழக்கமா தடுத்துடும். அந்த ஒரு விதியை மட்டும் திறந்தா போதும். மொத்த ஃபயர்வாலையும் ஆஃப் பண்ணிட்டு கேன்டீன் வைஃபையில் உட்கார்ற வேலையெல்லாம் வேணாம்.

ரிவ்யூவில் எக்ஸ்டர்னல் சார் முதல் கேள்வியே "எதுக்கு ரெண்டு நெட்வொர்க் கார்டு?" என்பதுதான். பிளஸ் டூ வரைக்கும் தமிழ் மீடியம் படிச்ச நம்ம ஆள், ரெண்டு வரி இங்கிலீஷில் திணறிட்டு, "சார், தமிழ்ல சொல்லட்டுமா?" என்று கேட்டு ஹாஸ்டல் போனிலிருந்து ஆரம்பிச்சான். பத்து நிமிஷம் நிறுத்தலை. கேட்டு முடிச்சதும் அவர் கண்ணாடியைக் கழட்டிட்டு, "தோப்புல மோட்டார் எத்தனை ஹெச்பி தம்பி?" என்றார்.

"அஞ்சு, சார்."