கம்பவலையும் நடனப் பாடமும்

விழிஞ்ஞத்தையொட்டிய கடற்கரைகளில் கம்பவலை இழுப்பதைப் பார்த்து வளரும் குழந்தை, நடனப் பாடத்தின் அடிப்படைகளைப் பள்ளிக்கு வரும் முன்பே கண்டுவிடுகிறது. வலையின் இரு கயிறுகளையும் இரண்டு அணியினர் கரையில் நின்று இழுக்கின்றனர். தொடக்கத்தில் அவர்களிடையே வெகுதூரம். வலை நெருங்க நெருங்க அணிகளும் ஒன்றையொன்று நெருங்குகின்றன. குதிகால் மணலில் ஊன்றுகிறது, உடலின் எடை பின்னே சாய்கிறது, ஒருவர் குரலெடுக்க அத்தனை கைகளும் ஒரே கணத்தில் இழுக்கின்றன.

அமெரிக்காவின் 2014-ஆம் ஆண்டுக் கலைத் தரநிலைகள் சிறு வகுப்பு நடனத்தில் கவனிக்கச் சொல்வனவும் இவையே: வெளி, காலம், விசை. அத்தரநிலைகள் படைத்தலை முதலிலும் நிகழ்த்துதலை அதன் பின்னரும் வைக்கின்றன. இந்தியாவின் 2023-ஆம் ஆண்டுப் பள்ளிக் கலைத்திட்டச் சட்டகமும் இசை, நாடகம், காட்சிக்கலை ஆகியவற்றோடு 'நடனமும் அசைவும்' என்றே பெயரிடுகிறது. 'அசைவு' என்ற அந்தச் சொல் தற்செயலானதன்று. அடவு அறியாத குழந்தைக்கும் அது வகுப்பில் இடம் தருகிறது.

கேரளத்தில் நடனம் என்றதும் நினைவுக்கு வருவது 1957-இல் தொடங்கிய பள்ளிக் கலோற்சவம். அதன் பெருமை மறுக்க முடியாதது. ஆனால் அது போட்டி. ஒப்பனைக்கும் உடைக்கும் தனிப்பயிற்சிக்கும் செலவிட முடிந்த வீடுகளின் குழந்தைகளே தனிநடனங்களில் எளிதாக முன்னேறுகின்றனர். மேடையேறாத குழந்தைகளுக்கு நடனம் பார்க்கும் பொருளாகவே நின்றுவிடுகிறது.

அப்படியானால் வகுப்பில் யார் கற்பிப்பது? 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை, கலைக்கல்விக்கான பகுதிநேரப் பயிற்றுநரை ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்கே வரையறுக்கிறது; அதுவும் 100 மாணவர்க்கு மேல் இருந்தால். முதல் ஐந்து வகுப்புகளுக்கு அத்தகைய ஏற்பாடு இல்லை. தரநிலை எழுதப்பட்ட வகுப்பில் அதற்கான ஆசிரியர் இல்லை என்பதே உண்மை நிலை. கணக்கும் மொழியும் கற்பிக்கும் ஆசிரியையே நடனத்தையும் ஏற்க வேண்டியிருக்கிறது.

அவர் நடனம் பயின்றிருக்க வேண்டுமா? தொடக்க வகுப்பில் கட்டாயமில்லை. கூர்ந்து பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும். இருபது குழந்தைகளை இரண்டு வரிசையாக்கி, கயிறே இல்லாமல் இழுக்கச் சொல்லலாம். வலை கனத்தால் முதுகு என்ன செய்யும், வெறும் வலை வந்தால் கைகள் எப்படி மாறும் என்று கேட்கலாம். கைலியும் தலைப்பாகையும் அணிவித்து, திரைப்பாடல் ஒலிக்க, 'மீனவர் நடனம்' என்று ஆண்டுவிழாவில் ஏற்றும்போதுதான் (அதுதான் வழக்கமாக நேர்கிறது) பாடம் கெட்டுப்போகிறது. தந்தையின் உழைப்பு அங்கே வேடமாகிவிடுகிறது.

2025 மே மாதம் திறந்துவைக்கப்பட்ட துறைமுகத்தின் பாரந்தூக்கிகளும் இக்குழந்தைகளின் கண்ணில் படுகின்றன. நேர்க்கோட்டில் நகர்ந்து, நின்று, மெல்ல இறங்கும் அசைவு அது. கம்பவலையின் சாய்வுக்கு முற்றிலும் மாறானது. இரண்டையும் அடுத்தடுத்துச் செய்து பார்க்கச் சொன்னால், எது கடினம் என்று குழந்தைகளே சண்டையிட்டுக்கொள்வார்கள்.