கைத்துப்பாக்கிக்கு ஓர் உறை

சங்கத்தின் திங்களிதழில் ரிவால்வர் உறையைப் பற்றி எழுதுவதா என்று அன்பர்கள் வியக்கக்கூடும். கோவண்டியிலும் செம்பூரிலும் வாழும் நம்மவருள் துப்பாக்கிக்கு உரிமம் பெற்றவர் விரல்விட்டு எண்ணத்தக்கவரே. ஆயினும், படையிலிருந்து ஓய்வு பெற்று, நகை வணிகர்க்கும் பணம் கொண்டு செல்லும் வண்டிகளுக்கும் காவலராய் அமர்ந்துள்ள தமிழர் சிலர் நம்மிடையே உண்டு. அவர்கள் இடையில் தாங்கிச் செல்லும் கருவி அவர்களை மட்டும் பொறுத்த செய்தியன்று. அதே ரயில் வண்டியில் தோளோடு தோள் உரசி நிற்கும் நம் அனைவரையும் பொறுத்தது.

நமது அண்டை வீட்டில் குடியிருப்பவர் நெல்லைச் சீமையைச் சேர்ந்த அண்ணாச்சி ஒருவர், முன்னாள் படைவீரர். சென்ற மழைக்காலத்தில் ஒருநாள், கோவண்டி நிலையத்துப் படிக்கட்டில், கைநழுவிய பையை எடுக்க அவர் குனிந்தபோது, இடுப்பிலிருந்த ரெக்சின் உறையினின்று ரிவால்வர் பாதிக்குமேல் வெளியே வந்துவிட்டது. பின்னால் வந்த பள்ளிச் சிறுவன், “மாமா, துப்பாக்கி விழுது!” என்று கூவியிராவிடில் அது படிகளில் உருண்டிருக்கும். அன்று மாலையே அவர் நம்மிடம் வந்து, “தாராவியில தோல் வேலைக்காரங்க உங்களுக்குப் பழக்கமாச்சே, நல்ல உறை ஒண்ணு செஞ்சு வாங்கித் தாங்க” என்றார். அதன் பின்னரே இப்பொருளில் நமது கருத்துச் சென்றது.

முதலில் அறிய வேண்டியது ஒன்று. பிஸ்டல்கள் பலவற்றில் விசையைத் தடுக்கும் சிறு பூட்டு ஒன்று உண்டு. ரிவால்வர்களில் பெரும்பாலானவற்றுக்கு அது கிடையாது. விசையை இழுத்தால் வெடிக்கும், அவ்வளவே. பழைய அமைப்பிலுள்ள சில, சுத்தியல் தரையில் மோதும்படி விழுந்தாலும் வெடித்துவிடும். ஆகவே வெளியே செல்லுங்கால் ரிவால்வருக்குப் பூட்டாக இருப்பது அதன் உறையே ஆகும். விரைந்து உருவுவதற்காக உறை என்று எண்ணுவோர் பலர். நமக்கோ, உருவ வேண்டாத ஆயிரம் நாட்களில் அதை அசையாது வைத்திருப்பதே உறையின் முதற்கடமை எனத் தோன்றுகிறது.

இவ்வெண்ணத்தைக் கெடுத்தது திரைப்படம். கர்ணன் இயக்கத்தில் 1972-இல் வெளிவந்த ‘கங்கா’ போன்ற குதிரைவீரர் படங்களை நம்மில் மூத்தோர் கொட்டகையில் கண்டு களித்திருப்பர். தொடையில் தாழக் கட்டிய திறந்த உறையிலிருந்து மின்னலென உருவும் அவ்வழக்கம், அமெரிக்க மாட்டிடையரைவிட அந்நாட்டுப் படக்காரர்க்கே பெரிதும் உரியது. மெய்யான படைவீரர் மூடியுள்ள உறையையே நாடினர். 1858-இல் இந்தியாவில் நடந்த போரில் இடக்கையை இழந்த சாம் பிரவுன் என்னும் குதிரைப்படை அதிகாரி, ஒற்றைக் கையாலேயே வாளைக் கையாளுதற்காகத் தோள்வாருடன் கூடிய இடைவாரை அமைத்துக்கொண்டார். அவர் பெயரால் வழங்கும் அந்த வாரை இன்றும் காவல்துறை அதிகாரிகள் அணிகின்றனர்.

நிற்க. சட்டமும் இதில் தெளிவாகவே உள்ளது. 2016-ஆம் ஆண்டின் படைக்கல விதிகளின்படி, பொது இடத்தில் கைத்துப்பாக்கியை உறையிலிட்டு, முற்றும் மறைத்து, தன் கட்டுப்பாட்டில் வைத்தே எடுத்துச் செல்ல வேண்டும். பிறர் காணும்படி இடுப்பில் தொங்கவிட்டுத் திரிவது வீரமன்று, விதிமீறல்.

இனித் தோலைப் பற்றி. தாராவிக்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தோல் பதனிடும் தொழிலைக் கொணர்ந்தவருள் தமிழரும் இருந்தனர் என்பதில் நமக்குச் சிறிது பெருமையுண்டு. நம் கோவண்டிக்கு அருகே 1971-இல் தேவ்னார் இறைச்சிக்கூடம் ஏற்பட்டது. 2015-ஆம் ஆண்டுச் சட்டத்தால் மகாராஷ்டிரத்தில் காளையையும் எருதையும் வெட்டுவது தடுக்கப்பட்டது. எனவே, இங்கே தடித்த தோல் என்றால் எருமைத் தோலே. உறைக்கும் அதுவே தக்கது. 3 முதல் 4 மில்லிமீட்டர் கனம் வேண்டும். கைப்பைகளுக்கு ஆகும் குரோமியத் தோல், பார்வைக்கு மெத்தென்றிருப்பினும், இதற்கு உதவாது. அது வடிவில் நில்லாது. அதில் எஞ்சிய உப்புக்கள் ஈரம் பட்டதும் எஃகைத் துருவேற்றும். மரப்பட்டையால் பதனிட்ட தோலையே கேட்க வேண்டும். முற்காலத்தில் சென்னை மாகாணத்திலிருந்து இங்கிலாந்துக்குச் சென்ற ‘ஈஸ்ட் இந்தியா’ தோல், ஆவாரம் பட்டையாலும் கடுக்காயாலும் பதனிடப்பட்டதே.

துப்பாக்கியைப் பட்டறையில் பலர் கையில் கொடுத்து அளவெடுத்தல் முறையன்று. அண்ணாச்சி தம் ரிவால்வரின் அளவில் மரத்தச்சரிடம் ஓர் அச்சுச் செய்வித்தார். நனைத்த தோலை அவ்வச்சின்மேல் வைத்து அழுத்தி உலரவிட்டார் கைவினைஞர். உருளை புடைத்த இடமும் விசைவளையம் குழிந்த இடமும் தோலில் அப்படியே பதிந்தன. பிறகு, மெழுகு பூசிய ஒரே நூலின் இரு முனையிலும் ஊசி கோத்து எதிரெதிரே தைத்தார். இத்தையலில் ஓரிழை அறுந்தாலும் மற்றது பிடித்து நிற்கும். பொறித் தையலோ மடமடவெனப் பிரிந்துவிடும்.

ஆயத்த உறை வாங்குவோரும் சில சோதனைகளைத் தாமே செய்யலாம். குண்டுகளை நீக்கி, நீக்கியதை இருமுறை பார்த்தபின் தொடங்குக. விசைவளையம் முழுதும் தோலுக்குள் மறைய வேண்டும். சிறுவிரலும் நுழைய இடமிருத்தலாகாது. டிச் பட்டன் வாரை மாட்டி, மெத்தையின்மேல் தலைகீழாய்ப் பிடித்துக் குலுக்கினால் விழக்கூடாது. உருவிய பின்னும் உறையின் வாய் திறந்தே நிற்க வேண்டும். சுருங்கினால் திரும்பச் செருகும்போது தோல் மடிந்து விசையில் சிக்கும். சட்டை முனையும் அவ்வாறே சிக்கும். ஆதலின் செருகுவது எப்போதும் மெதுவாக, கண்ணால் பார்த்தே. இடைவாரும் உறுதியாயிருத்தல் அவசியம். கான்பூரில் செய்து 2014-இல் வெளியிட்ட ‘நிர்பீக்’ என்னும் இலேசான .32 ரிவால்வரே அரைக் கிலோ எடையுள்ளது. எஃகாலானவை அதனினும் கனம். சாதாரணக் காற்சட்டை வார் அவ்வெடைக்குத் தொய்ந்து, உறை வெளிப்புறம் சாயும். பிறகு குனிந்தால் என்னாகும் என்பதை மேலே கண்டோம்.

பம்பாய் மழைக்கு இன்னும் ஓர் எச்சரிக்கை. எத்துணை நல்ல தோலும் ஈரத்தை உறிஞ்சும். அதிலேயே ரிவால்வரை இரவெல்லாம் விட்டுவைத்தால் எஃகு துருவேறும், பித்தளைத் தோட்டாக்களில் பச்சைக் களிம்பு பூக்கும். வீடு திரும்பியதும் துடைத்து, எண்ணெய் தடவி, குண்டுகளை வேறாகவும் கருவியை வேறாகவும் குழந்தைகள் எட்டாத இரும்புப் பெட்டியில் பூட்டுக. நனைந்த உறையைக் காற்றோட்டமுள்ள நிழலில் உலர்த்துக. அடுப்பருகே வைத்தால் தோல் சுருங்கிவிடும்; பின்பு ரிவால்வர் அதனுள் போகாது.